இசிஜி நார்மல், எக்ஸ்ரேயில் இதயம் பெரிசு: எதை நம்புவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து கேட்ட தங்கச்சிக்கு: அப்பாவுக்கு பிரஷர் 160/100, இசிஜி நார்மல், எக்ஸ்ரேயில் மட்டும் 'இதயம் சற்றுப் பெரிது' என்றீர்கள். இரண்டையும் வைத்து முடிவு கட்டாதீர்கள், எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுக்க வேண்டும்.

பிரஷர் முதலில் இதயத்தின் இடது கீழறையின் சுவரைத் தடிக்க வைக்கும். அதனால் எக்ஸ்ரே நிழல் பெரிதாகாமலே நோய் இருக்கலாம். நேர்மாறாக, படுத்தபடி எடுத்தாலோ மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்காவிட்டாலோ நல்ல இதயமும் பெரிசாகத் தெரியும். நின்று, முதுகுப் பக்கமிருந்து எடுத்த படத்தில் இதய அகலம் மார்பு அகலத்தில் பாதியைத் தாண்டினால்தான் சந்தேகம்.

சுவர் தடித்திருந்தால், இசிஜியில் வி1-இன் கீழ்நோக்கிய எஸ் அலையையும் வி5 அல்லது வி6-இன் மேல்நோக்கிய ஆர் அலையையும் (எது உயரமோ அது) கூட்டினால் 35 சின்னக் கட்டமோ அதற்கு மேலோ வரும் (வி1, வி5, வி6 என்பவை நெஞ்சில் ஒட்டும் இணைப்புகளின் பெயர்கள்). ஆனால் பருத்த உடம்பில் அலை சிறுத்துவிடும், நார்மல் என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. தாளின் ஓரத்தில் 10 மிமீ/மிவோ (ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம்) என்று இருக்கிறதா பாருங்கள். 5 என்றிருந்தால் அலைகள் பாதி உயரத்தில்தான் விழுந்திருக்கும்.

எக்கோவில் ஆண்களுக்குச் சுவர் 10 மிமீ வரை சரி. வலி கிடையாது, பசியோடு போக வேண்டியதுமில்லை.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். ஏழு நாள் காலை, மாலை இரண்டிரண்டு தடவை பிரஷர் பார்த்து எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். தேதி தள்ளிப் போனாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். படுத்தால் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் காத்திருக்காமல் 999 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.