வீட்டுக்கு ஆர்.ஓ. இயந்திரம் அவசியமா? அது வெளியேற்றும் தண்ணீரை என்ன செய்வது?

கேள்வி: சென்னைப் புறநகரில் புதிய அடுக்குமாடி வீட்டில் குடியேற இருக்கிறோம். ஆர்.ஓ. இயந்திரம் இல்லாமல் முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அது தண்ணீரை மிகவும் வீணாக்குகிறது என்றும் கேள்விப்படுகிறேன். வாங்கலாமா?

பதில்: உங்கள் குழாயில் வரும் நீரைப் பரிசோதிக்காமல் வாங்காதீர்கள். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவையும் வரம்புக்குள் இருந்தால் உங்களுக்கு ஆர்.ஓ. தேவையில்லை. அந்த அளவு ஆயிரத்தைத் தாண்டினால் தயங்காமல் வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நீரின் சுவை, கடினத்தன்மை, வேறு நீர் கிடைக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் தொடர்பான வேலைகளைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், இதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்), அதாவது எதிர்ச் சவ்வூடு பரவல் என்பது உப்பை நீக்குவதற்காகவே பிறந்த தொழில்நுட்பம். கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சியில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் 1960ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய சவ்வுதான் இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. இன்று நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் நிலையங்கள் இதே முறையில்தான் இயங்குகின்றன. அழுத்தத்துடன் தள்ளப்படும் நீரில் ஒரு பகுதி மட்டும் சவ்வைக் கடந்து வருகிறது. உப்பின் பெரும்பகுதி தங்கிவிடுகிற மீதிப் பகுதியைத் தொடர்ந்து வெளியேற்றினால்தான் சவ்வு அடைத்துக்கொள்ளாமல் வேலை செய்யும். ஆகவே நீர் வெளியேறுவதை இயந்திரத்தின் கோளாறாகக் கருத முடியாது. அந்த முறையே அப்படிப்பட்டது. எவ்வளவு வெளியேறுகிறது, எந்த நீருக்காக வெளியேறுகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வீடுகளில் உள்ள பழைய இயந்திரங்கள் பல, ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியேற்றுகின்றன. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் எடுக்கும் ஒரு குடும்பம் இந்தக் கணக்கில் 60 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. ஆண்டுக்கு அது கிட்டத்தட்ட 22,000 லிட்டர். நூறு வீடுகள் கொண்ட குடியிருப்பு என்றால் நாள்தோறும் 6,000 லிட்டர், அதாவது ஒரு சிறிய தண்ணீர் லாரி முழுக்க வீணாகிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தது நினைவிருக்கும். ஜூலை 12 அன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்த முதல் ரயிலில் 50 தொட்டிகளில் இருந்தது 25 லட்சம் லிட்டர். மேற்சொன்ன கணக்குப்படி ஒரு லட்சம் வீடுகள் ஒரே நாளில் ஆர்.ஓ. குழாய் வழியே வெளியேற்றுவது 60 லட்சம் லிட்டர். சென்னை அளவுள்ள நகரத்துக்கு ஒரு லட்சம் வீடுகள் என்பது பெரிய எண்ணிக்கையே அல்ல. அந்த நீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றப்பட்டது. மீண்டும் நிலத்தடிக்குப் போகாமல் கழிவுநீர்க் குழாயில் கலந்துவிடுகிறது. இதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

தேவையுள்ள இடத்தில் இந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்துவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எனப் பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிடும் தொழிலின் கழிவு நிலத்தடி நீரை உப்பாக்கியிருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் ஃபுளோரைடு கெடுத்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. இத்தகைய இடங்களில் வேறு நல்ல நீர் கிடைக்காதவரை ஆர்.ஓ. வேண்டாம் என்று ஒருவரிடம் சொல்வது அநியாயம். ஆனால் ஏரி நீரோ ஆற்று நீரோ சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வரும் வீட்டிலும் இதே இயந்திரம் ஓடுகிறது என்றால், அங்கே நீக்க வேண்டிய அளவுக்கு உப்பே இல்லை; நீர் மட்டும்தான் வீணாகிறது.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் வாங்குகிறார்கள்? பயத்தினால்தான். எங்கள் குடியிருப்பில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து செய்து காட்டியதைச் சொல்கிறேன். இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் எங்கள் குழாய் நீர், மற்றொன்றில் அவர் கொண்டு வந்த ஆர்.ஓ. நீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரத்தைச் செலுத்தினார். சற்று நேரத்தில் குழாய் நீர் பழுப்பாகி, அடியில் கசடு படிந்தது; ஆர்.ஓ. நீர் அப்படியே தெளிவாக இருந்தது. “இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்” என்று அவர் சொன்னதும் கூடியிருந்தவர்களின் முகம் மாறியது. நான் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து, அவருடைய ஆர்.ஓ. நீரில் போட்டு மறுபடி கம்பிகளை இறக்கச் சொன்னேன். அதுவும் பழுப்பாயிற்று. நீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாய்கிறது. மின்சாரம் பாய்ந்தால் கம்பியிலுள்ள இரும்பு கரைந்து துருவாகப் பிரிகிறது. நாம் காணும் கசடு கம்பியிலிருந்து வந்ததே தவிர, நீரில் முன்பே இருந்தது அல்ல. இளநீரில் செய்தாலும் இதே கதைதான்.

டி.டி.எஸ். மீட்டரையும் இதே கவனத்துடன்தான் பார்க்க வேண்டும். அது நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணித்துக் காட்டும் கருவி. கிருமியோ பூச்சிக்கொல்லியோ அதற்குத் தெரியாது. சாக்கடை நீர் கலந்திருந்தாலும் எண் குறைவாகக் காட்டக்கூடும். அதேபோல, எண் 350 என்று காட்டினால் நீர் கெட்டுவிட்டது என்றும் பொருளல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத நிலையில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஃபுளோரைடுக்கு 1 மில்லிகிராம், மாற்று இல்லாதபோது 1.5, நைட்ரேட்டுக்கு 45, அதில் தளர்வே கிடையாது. 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இதே 500 என்ற எல்லையை வைத்து, அதற்குக் குறைவான நீருள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யவும், அனுமதிக்கும் இடங்களில் உள்ளே போகும் நீரில் குறைந்தது 60 விழுக்காட்டை நல்ல நீராக மீட்கும் இயந்திரங்களைக் கட்டாயமாக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

உப்பு குறைவாக இருந்தும் கிருமி பற்றிய கவலை இருந்தால் அதற்கான தீர்வு வேறு. வடிகட்டியுடன் கூடிய புற ஊதாக் கதிர்க் கருவி கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். ஒரு சொட்டையும் வெளியேற்றாது. நீர் கலங்கலாக இருந்தால் கதிர் ஊடுருவாது என்பதால் முன்வடிகட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்துவரும், தளதளவென்று கொதிக்க வைத்து ஆற வைக்கும் முறையும் இதற்குப் போதுமானது. ஆனால் கொதிக்க வைப்பது ஃபுளோரைடையோ நைட்ரேட்டையோ நீக்காது. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

பரிசோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களை அணுகலாம்; கட்டணம் செலுத்தினால் செய்து தருவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் நீர்ப் பகுப்பாய்வு வசதி உண்டு. உங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர், லாரி தண்ணீர், மெட்ரோ தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கலக்கிறதென்றால் ஒரு மாதிரியை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மெட்ரோ இணைப்பு தனியாக இருந்தால் அதைச் சமையலறைக்கு மட்டும் கொண்டு வர ஒரு குழாய் போடுவதே பல குடியிருப்புகளில் ஆர்.ஓ. தேவையை இல்லாமல் ஆக்கிவிடும். உள் அலங்கார வேலை தொடங்குவதற்கு முன்பே சங்கத்தில் இதைப் பேசிவிடுங்கள். சுவரை மூடிய பிறகு யாரும் உடைக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சில விஷயங்களைக் கவனியுங்கள். “அதிக நீர் மீட்பு” என்று விற்கப்படும் இயந்திரங்கள் நல்லவைதான், ஆனால் அவற்றுக்கும் ஒரு விலை உண்டு. உள்ளே போகும் நீரில் உப்பு 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் ஒரு பங்கை மட்டும் மீட்டால் வெளியேறும் நீரில் உப்பு ஏறத்தாழ 780 இருக்கும். நான்கில் மூன்று பங்கை மீட்டால் அது 2,200ஐத் தாண்டிவிடும். அளவு குறைந்தாலும் அந்த நீர் எதற்கும் உதவாததாகிவிடுகிறது. சவ்விலும் சுண்ணாம்புப் படிவு விரைவாகச் சேர்கிறது. நீரின் கடினத்தன்மைக்கு ஏற்ற மீட்பு அளவை, விற்பவரைவிட நல்ல அனுபவமுள்ள பழுது பார்ப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். அடுத்தது “டி.டி.எஸ். கட்டுப்பாடு” என்ற திருகு. சுவைக்காக, சவ்வைக் கடக்காத நீரில் கொஞ்சத்தை நல்ல நீருடன் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. ஃபுளோரைடுக்காக ஆர்.ஓ. வாங்கிவிட்டு இதைத் திறந்து வைத்தால் எதை நீக்க விரும்பினீர்களோ அதையே திரும்பச் சேர்க்கிறீர்கள். மேலும், குளோரின் சவ்வைக் கெடுக்கும் என்பதால் கரி வடிகட்டி அதை முன்பே நீக்கிவிடுகிறது; ஆகவே இயந்திரத்தின் தொட்டியில் நாள்கணக்கில் தேங்கும் நீருக்குக் கிருமியிலிருந்து குளோரின் தரும் பாதுகாப்பு இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பினால் அந்த நீரைத் திறந்துவிட்டு, தொட்டியைக் கழுவிய பிறகே குடியுங்கள். பழைய சவ்வு, பலவகை நெகிழிகள் பசையால் ஒட்டிச் சுருட்டப்பட்ட பொருள் என்பதால் அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். தேவை வந்தால் மட்டும் மாற்றுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள்.

இயந்திரமே வேண்டாம், கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது தீர்வாகாது. கேன் நீரும் பெரும்பாலும் புறநகர்க் கிராமங்களின் நிலத்தடி நீரை ஆர்.ஓ. செய்து நிரப்பப்படுவதுதான். வெளியேற்றமும் நீர்மட்டச் சரிவும் நம் கண்ணில் படாத ஓர் ஊருக்கு மாறுகின்றன, அவ்வளவே. அந்த ஊர் விவசாயியின் கிணற்றை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளியேறும் நீரைப் பொறுத்தவரை, மீட்பு குறைவான இயந்திரத்தின் நீர் வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற, பாத்திரங்களை முதலில் அலச நன்றாகவே பயன்படும். துணி துவைக்கச் சோப்பு சற்றுக் கூடுதலாகும். செடிகளுக்கு நாள்தோறும் அதையே ஊற்றினால் தொட்டி மண்ணில் உப்புப் படிந்து இலை நுனி கருகும். மழைநீரோ சாதாரண நீரோ இடையிடையே விட வேண்டும். எங்கள் குடியிருப்பில் சமையலறை இயந்திரத்தின் வெளியேற்றக் குழாயை நீட்டிப் பால்கனியில் மூடியுள்ள ஒரு டிரம்மில் விட்டிருக்கிறோம். கழிப்பறைத் தேவையின் பெரும்பகுதி அதிலேயே முடிகிறது. உங்களுடையது புதிய கட்டடம் என்பதால், கழிப்பறைத் தொட்டிக்கே நேராக ஒரு குழாய் போட முடியுமா என்று கட்டுநரிடம் கேளுங்கள்.

குடியேறும்போது ஒரு முறை, கோடையில் போர் நீரின் உப்பு ஏறும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள். மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு ஒழுங்காகப் பராமரிக்கப்படும் கட்டடங்களில் இந்த எண்கள் ஆண்டுக்கு ஆண்டு இறங்க வாய்ப்புண்டு. மூன்று முறையும் டி.டி.எஸ். 500க்குள் இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவையும் வரம்புக்குள் இருந்தால் புற ஊதாக் கதிர்க் கருவியுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு கைக்கு வந்ததும் எண்களை இங்கே பின்னூட்டத்தில் எழுதினால், எந்த வகைக் கருவி பொருந்தும் என்று சேர்ந்தே பார்க்கலாம்.