ஏமன்: எண்ணிக் கணக்குப் பார்க்க முடிந்தது நடந்தது (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: 2018 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் உடன்பாடு வந்தபோது ஏமன் போர் முடிந்த மாதிரிதான் பேசினார்கள். ஹொதைதாவுக்கு ஐ.நா. குழுவும் போனது. அப்புறம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. தலைநகர் சனாவையும் வடக்கையும் பிடித்திருக்கும் ஹூதி இயக்கத்துக்கும், ஏடனிலிருந்து இயங்கும், சவூதி ஆதரவு பெற்ற அரசுக்கும் இடையிலான உடன்பாடு அது. ஹொதைதா ஹூதிகள் வசமிருந்த செங்கடல் துறைமுக நகரம். அந்த நகரத்தின் விளிம்பு வரை வந்துவிட்ட அரசுத் தரப்பின் பெரும் தாக்குதல் அன்றோடு நின்றது. தன் கோதுமையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை வெளியிலிருந்து வாங்கும் நாடு அது. ஹொதைதா துறைமுகம் அப்போது இடிந்திருந்தால் பஞ்சம் வேறு கணக்கில் போயிருக்கும்.

கோளாறு உடன்பாட்டின் ஒரு வரியில் இருந்தது. நகரமும் துறைமுகங்களும் 'ஏமன் சட்டப்படி உள்ளூர்ப் பாதுகாப்புப் படைகளின்' பொறுப்பில் இருக்கும் என்று எழுதினார்கள். எந்த உள்ளூர்ப் படை? போருக்கு முன் சம்பளப் பட்டியலில் இருந்த போலீஸும் கடலோரக் காவலும் என்றது அரசு. இப்போது சீருடையில் நிற்பவர்களே என்றார்கள் ஹூதிகள். 2019 மே மாதம் ஹொதைதா, சாலிஃப், ராஸ் ஈசா துறைமுகங்களை விட்டு ஹூதிகள் விலகினார்கள், ஐ.நா.வும் மேற்பார்த்தது. 'ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்கள்' என்று அரசுத் தரப்பு அதை நாடகமாகவே பார்த்தது. இரண்டு தரப்பையும் ஒப்புக்கொள்ள வைக்க அந்த வரியை வேண்டுமென்றே மங்கலாக விட்டார்கள் என்பது என் கணிப்பு. கையெழுத்து வாங்க அது உதவும், களத்தில் காலை வாரும்.

ஹொதைதாவுக்குப் போன ஐ.நா. கண்காணிப்புக் குழுவுக்கு அனுமதித்த உச்ச வரம்பே 75 பேர்தான். இந்தியாவின் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் அபிஜித் குஹா தலைமையேற்ற காலத்தில், 2019 அக்டோபரில், நகரின் போர்முனையில் ஐந்து கூட்டுக் கண்காணிப்புச் சாவடிகள் வைத்தார்கள். இரு தரப்பு அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சுடும் சத்தம் கேட்டால் தத்தம் ஆட்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வார்கள். எளிய ஏற்பாடு, பலனும் இருந்தது. 2020 மார்ச்சில் அங்கே அரசுத் தரப்பு அதிகாரி ஒருவர் சுடப்பட்டார். அதோடு அரசு தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது, சாவடிகள் காலியாயின. 2021 நவம்பரில் அரசுக்கு ஆதரவான படைகள் நகரை விட்டே தெற்கே போய்விட்டன.

கேள்வி: அந்தத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பலில் ஆயுதம் இல்லை என்று யார் பார்க்கிறார்கள்?

2016 மே மாதம் ஜிபூட்டியில் ஐ.நா. தொடங்கிய சோதனை அமைப்பு. ஹூதிகள் வசமுள்ள துறைமுகத்துக்குப் போகும் 100 டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். சரக்குப் பட்டியல், பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்கான ரசீது), கடைசியாக நின்ற துறைமுகங்கள் எல்லாம் காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் ஏறிச் சோதிப்பார்கள். சரியாக இருந்தால் அனுமதிச் சீட்டு.

இதில் இரண்டு ஓட்டைகள். சீட்டு வாங்கிய எரிபொருள் கப்பல்களையே சவூதி தலைமையிலான கூட்டணி வாரக்கணக்கில் கடலில் நிறுத்திவைத்தது உண்டு. அந்த நாட்களுக்கான தாமதக் கட்டணமும் டீசல் விலையில்தான் ஏறும். இன்னொன்று, இந்தச் சோதனை வலையில் சிக்காத சிறு பாய்மரப் படகுகள். கடத்தலுக்கு அவை போதும்.

கேள்வி: சாஃபர் எண்ணெய்க் கப்பலை ஐ.நா. காப்பாற்றியதைப் பெரிய வெற்றி என்கிறார்கள். எண்ணெயைக் குழாய் வைத்து மாற்றுவதில் அப்படி என்ன இருக்கிறது?

குழாய் வைப்பதற்கு முந்தைய வேலைதான் கடினம். 1976இல் கட்டிய அந்த டாங்கர் ராஸ் ஈசாவுக்கு அருகே மிதக்கும் கிடங்காக நின்றது. உள்ளே சுமார் 11.4 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய். 2015க்குப் பிறகு பராமரிப்பு இல்லை. 2020 மே மாதம் ஒரு குழாய் உடைந்து என்ஜின் அறைக்குள் கடல்நீர் புகுந்தது.

உண்மையான ஆபத்து எண்ணெய்க்கு மேலே நின்ற காற்றில். டாங்கரின் தொட்டிகளில் மந்த வாயுவை (தீப்பிடிக்க விடாத வாயு) நிரப்பி, ஆக்சிஜனை 8 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அந்தக் கருவி செத்துவிட்டால் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். ஆகவே மீட்புக் குழு 2023 மே இறுதியில் வந்ததும் முதலில் செய்தது மந்த வாயு ஏற்றுவது, கப்பலின் உடல் தகட்டின் கனத்தை அளப்பது, சொந்த பம்புகள் இயங்காததால் வெளியிலிருந்து பம்புகளை இறக்குவது. ஜூலை 25இல் எண்ணெய் ஓடத் தொடங்கி ஆகஸ்ட் 11இல் முடிந்தது. ஐ.நா. வாங்கி வந்த மாற்றுக் கப்பலுக்கு 'ஏமன்' என்றே பெயர் வைத்தார்கள்.

எண்ணெயை இறக்கிய 18 நாட்களைவிடப் பணம் திரட்டவே அதிக காலம் பிடித்தது. ஹூதிகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் 2022 மார்ச்சிலேயே ஆகிவிட்டது. அரசுகள் தயங்கித் தயங்கித் தந்ததால் பொதுமக்களிடமும் ஐ.நா. நிதி கேட்டது. எண்ணெய் யாருடையது, விற்றால் பணம் யாருக்கு என்ற கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் கப்பல் மூழ்கும்வரை பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்!

கேள்வி: 2022 சண்டை நிறுத்தத்தில் சனாவிலிருந்து விமானம் விட ஒத்துக்கொண்டும் ஏன் ஆறு வாரம் தாமதம்?

பாஸ்போர்ட். ஏப்ரல் 2இல் நிறுத்தம் அமலானது. முதல் விமானம் ஏப்ரல் 24இல் அம்மானுக்குப் பறக்க வேண்டும். பயணிகளில் பலரிடம் இருந்தது ஹூதிகள் ஆளும் சனாவில் கொடுத்த பாஸ்போர்ட். அதை ஏற்றால் அவர்களை அரசாக ஏற்றதாகிவிடும் என்றது ஏடன் அரசுத் தரப்பு. உடன்பாட்டில் வாரம் இரண்டு விமானம் என்ற எண்ணிக்கை இருந்தது, எந்த ஆவணம் செல்லும் என்பது இல்லை. கடைசியில் அரசு இறங்கி வந்து, மே 16இல் விமானம் கிளம்பியது. அதில் ஏறியவர்களில் பலர் சிகிச்சைக்காகக் காத்திருந்த நோயாளிகள்.

கேள்வி: கைதிப் பரிமாற்றம் மட்டும் எப்படிச் சரியாக நடக்கிறது?

பெயர்ப் பட்டியல் இருப்பதால். பட்டியலிலும் தொல்லை உண்டு: ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் வருவார், இறந்தவர் பெயரும் ஏற்கெனவே விடுதலையானவர் பெயரும் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு பெயராக அடித்துத் தீர்க்கலாம். செஞ்சிலுவைக் குழு ஒவ்வொரு கைதியையும் தனியே சந்தித்து, ஊர் திரும்பச் சம்மதமா என்று கேட்டு, பயணத்துக்கு உடம்பு தாங்குமா என்று பார்க்கும். விமானங்களை இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கிளப்புவார்கள், யாரும் முந்தியோ பிந்தியோ ஏமாறாமல். 2020 அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், 2023 ஏப்ரலில் ஏறத்தாழ 900 பேர் வீடு திரும்பினார்கள்.

கேள்வி: உதவி மாநாடுகளில் அறிவிக்கும் தொகை முழுவதும் வந்து சேருகிறதா?

அறிவிப்பே முழுவதும் இல்லை. 2021இல் ஐ.நா. கேட்டது 385 கோடி டாலர், மாநாட்டில் நாடுகள் சொன்னது சுமார் 170 கோடி.

கேள்வி: சாதாரண ஏமனியருக்கு மிக அவசரமான பிரச்சினை எது?

சம்பளமும் நோட்டும். 2016 செப்டம்பரில் மத்திய வங்கியின் தலைமையகம் ஏடனுக்கு மாறியது. சனா பக்கத்து ஆசிரியர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் அதிலிருந்து ஒழுங்கான சம்பளம் இல்லை. ஏடன் அச்சிட்ட புது நோட்டுகளை ஹூதிகள் தடைசெய்ததால் ஒரே ரியாலுக்கு இரண்டு விலை. 2025இல் ஏடனில் ஒரு டாலர் 2,000 ரியாலைத் தாண்டியபோது சனாவில் 500 சொச்சம்தான்.

2019 இறுதியில் ஐ.நா. ஒரு வழி பார்த்தது. ஹொதைதாவில் எரிபொருள் இறக்குமதி வரியைத் தனிக் கணக்கில் போட்டுச் சம்பளத்துக்கு எடுப்பது. போட ஒத்துக்கொண்டார்கள், எப்படி எடுப்பது என்பது முடிவாகவில்லை. அடுத்த ஆண்டே ஹூதிகள் பணத்தை எடுக்க, ஏற்பாடு உடைந்தது. 2024இல் ஏடனிலுள்ள மத்திய வங்கி ஆணைகள் போட்டு சனா வங்கிகளை முடக்கப் பார்த்து, நிலைமை போர் வாசல் வரை போனது. ஜூலை 23இல் அந்த ஆணைகளைத் திரும்பப் பெறச் சம்மதித்ததாக ஐ.நா. தூதர் ஹான்ஸ் கிரண்ட்பெர்க் அறிவித்தார். அது தள்ளிவைப்பு, தீர்வல்ல.

கேள்வி: ஐ.நா. இல்லாமல் உள்ளூர்க்காரர்களே எதையாவது முடித்தார்களா?

தாய்ஸ் சாலை. 2022இல் ஐ.நா. பல முறை வரைவு கொடுத்தும் திறக்காதது. அரசு வசமுள்ள தாய்ஸ் நகரத்துக்கும் ஹூதிகள் வசமுள்ள ஹௌபான் புறநகருக்கும் நடுவே இருப்பது சில கிலோமீட்டர்தான், ஆனால் முற்றுகையால் மக்கள் பல மணி நேரம் மலைப்பாதையில் சுற்றினார்கள். 2024 ஜூனில் உள்ளூர்ப் பெரியவர்கள் நடுவில் நின்று பேசி, மண்மேடுகளையும் கண்ணிவெடிகளையும் அகற்றி, வண்டிகளை விட்டார்கள்.