அடுத்த பயிற்சியாளர் யார்? கால்பந்து கேள்வி பதில்

சீசன் முடியப்போகிறது என்றாலே எந்தக் கிளப் யாரை அனுப்பும், அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார் என்ற பேச்சு தொடங்கிவிடும். தொழில்முறை அணி ஒன்று தலைமைப் பயிற்சியாளரை எப்படித் தேடுகிறது, எங்கே சறுக்குகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். "எங்கள் கிளப்புக்கு யார் வருவார், சொல்லுங்கள்" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், ஜோசியம் எனக்கு வராது.

கேள்வி: சார், பயிற்சியாளரை நேற்று இரவு நீக்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்று காலை நிர்வாகம் முதலில் செய்ய வேண்டியது என்ன?

இன்று காலைதான் தொடங்குகிறார்கள் என்றால் ஏற்கெனவே தாமதம். ஒழுங்காக நடக்கும் கிளப்பில் இப்போதைய பயிற்சியாளர் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவருக்கான பட்டியல் தயாராக இருக்கும். அது துரோகம் இல்லை. ஜெயிக்கிறவரைத்தான் பெரிய கிளப் வந்து கொத்திக்கொண்டு போகும். 2022 செப்டம்பரில் இங்கிலாந்துக் கிளப்பான பிரைட்டனின் பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரை செல்சீ அப்படித்தான் கொண்டுபோனது. பத்தே நாளில் ராபர்டோ டி செர்பியை பிரைட்டன் அறிவித்தது. அந்த சீசனை 6ஆம் இடத்தில் முடித்து, கிளப் வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். தவித்தது ஆளை எடுத்த செல்சீதான். ஏழு மாதம் முடிவதற்குள் பாட்டரை அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறு 2021இல் டாட்டன்ஹாம். ஏப்ரலில் மொரீனியோவை நீக்கினார்கள். கான்டே, ஃபொன்சேகா, கத்தூசோ என்று ஒவ்வொருவரோடும் பேச்சு நடந்து, முறிந்து, ஜூன் கடைசி நாளில் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ வந்து சேர்ந்தார். நவம்பர் முதல் தேதி அவரும் வெளியே. அந்த மூன்று பெயர்களையும் பாருங்கள், ஒருவர் ஆட்டத்துக்கும் இன்னொருவர் ஆட்டத்துக்கும் ஒட்டுறவே கிடையாது. தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாமல் கடைக்குப் போனவர்களின் பட்டியல் அது.

கேள்வி: அப்படியானால் பட்டியலில் யார் பெயர் ஏறலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? கோப்பைகளின் எண்ணிக்கை போதாதா?

போதாது. அதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது ஆளை அல்ல, உங்கள் அணியை. கையில் இருக்கும் இருபத்தைந்து பேரால் எந்த மாதிரி ஆட முடியும்? அடுத்த இரண்டு டிரான்ஸ்ஃபர் காலத்தில் (வீரர்களை வாங்கி விற்கும் காலம்) எத்தனை பேரை மாற்றப் பணம் இருக்கிறது? பதில் "ஐந்தாறு பேர்தான்" என்றால், பதினைந்து பேரை மாற்றினால்தான் ஓடும் திட்டத்தோடு வருகிறவர் உலகப் புகழ் பெற்றவராக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

2017இல் கிறிஸ்டல் பேலஸ் ஃபிராங்க் டி போயரை எடுத்தது. அயாக்ஸுடன் நான்கு முறை டச்சு லீக்கை வென்றவர், பெயருக்கு என்ன குறை? ஆனால் பேலஸ் அதற்கு முன் சாம் அலர்டைஸிடம் நேரடியான, தற்காப்பை இறுக்கிப் பிடிக்கும் ஆட்டம் ஆடிய அணி. அவர்களைப் பின்னால் மூன்று பேரோடு, பந்தைக் காலிலேயே வைத்து ஆடச் சொன்னார். லீகில் நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அத்தோடு வேலை போய்விட்டது. மான்செஸ்டர் யுனைடெட் 2024 நவம்பரில் ரூபன் அமோரிமைக் கொண்டுவந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். அவர் ஆட்டத்துக்கு உயிர் மூன்று சென்டர் பேக்கும் (நடுத் தற்காப்பு வீரர்) இரண்டு விங் பேக்கும் (ஓரத்தில் முன்னும் பின்னும் ஓடுபவர்). அணியோ நால்வர் தற்காப்புக்காகச் சேர்த்தது. அதுவும் பாதி சீசனில், பயிற்சிக்கு நேரமே இல்லாதபோது. 15ஆம் இடத்தில் முடித்தார்கள். பழியை அமோரிம் மேல் மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு முன் போர்ச்சுகலின் ஸ்போர்டிங் கிளப்பில் அவர் எப்படி ஆடவைத்தார் என்பது ஒளிவுமறைவான சங்கதியா என்ன? தெரிந்தே எடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

லிவர்பூல் அதே ஆண்டில் எதிர்த்திசையில் நடந்தது. பயிற்சியாளர் கிளாப் போகிறார் என்றதும், அவர் விட்டுப்போகும் வீரர்களை வைத்து யார் அதிகம் சாதிக்க முடியும் என்று தேடி டச்சுக் கிளப் ஃபெயனூர்டின் ஆர்னே ஸ்லாட்டைப் பிடித்தார்கள். அந்தக் கோடையில் முதல் அணிக்கு அவர்கள் சேர்த்த புது முகம் கியேசா ஒருவர்தான். கிட்டத்தட்ட பழைய அணியே 2024-25 லீக்கை வென்றது.

கேள்வி: தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்சியாளரைப் பெரிய கிளப்கள் எடுப்பது எனக்குப் புரியவே இல்லை. கொம்பனியின் பர்ன்லி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, அவரோ பயர்ன் முனிக்குக்குப் போனார்!

நியாயமான சந்தேகம். முதலில் ஓர் உண்மை: கொம்பனி பயர்னின் முதல் தேர்வு இல்லை. அலான்சோ லெவர்குசனிலேயே இருந்துவிட்டார், நாகல்ஸ்மான் ஜெர்மனி தேசிய அணியோடு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார், ராங்னிக் ஆஸ்திரியாவை விடமாட்டேன் என்றார். அதன் பிறகுதான் கொம்பனி. ஆனாலும் பயர்ன் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். 2022-23இல் இதே பர்ன்லி இரண்டாம் டிவிஷனில் 101 புள்ளி எடுத்து மேலே வந்தது, பந்தை வைத்துக்கொண்டு, எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கி. மேல் டிவிஷனில் அந்த ஆட்டத்துக்கு வீரர்களின் தரம் போதவில்லை. பயர்னில் அந்தப் பஞ்சம் இல்லை. முதல் சீசனிலேயே ஜெர்மன் லீகான புண்டஸ்லிகாவில் பட்டம்.

முடிவையும் வேலையையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 2015 பிப்ரவரியில் கிளாப்பின் டார்ட்மண்ட் புண்டஸ்லிகாவில் கடைசி இடத்தில் கிடந்தது, சீசன் முடிவில் 7ஆம் இடம். பின்னர் கிளாப்பை எடுத்த லிவர்பூலின் ஆய்வுப் பிரிவில் இருந்த இயன் கிரஹாம் அந்த ஆட்டங்களின் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, அணி உருவாக்கிய வாய்ப்புகளும் விட்டுக்கொடுத்த வாய்ப்புகளும் ஒரு நல்ல அணியுடையவை, கோல்தான் கை கொடுக்கவில்லை என்று தெரிந்தது. எக்ஸ்ஜி (வாய்ப்புகளின் தரத்தை வைத்து எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும் என்ற மதிப்பீடு) மாதிரியான கணக்குகள் இதற்குத்தான். ஒரு எச்சரிக்கை: பத்து ஆட்டத் தரவை வைத்துக்கொண்டு "துரதிர்ஷ்டம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஒரு முழு சீசனாவது வேண்டும்.

கேள்வி: நேர்காணலில் என்னதான் கேட்பார்கள்? பெரிய பயிற்சியாளர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்க முடியுமா?

தாராளமாகக் கேட்பார்கள். கேட்கக் கூச்சப்படும் நிர்வாகம்தான் மாட்டிக்கொள்ளும். 2008இல் பார்சிலோனாவின் ஆட்கள் லிஸ்பனுக்கே போய் மொரீனியோவைச் சந்தித்துப் பேசினார்கள். இரண்டு முறை இங்கிலாந்து லீக்கும் ஒரு முறை சாம்பியன்ஸ் லீகும் வென்றிருந்தவர். கடைசியில் வேலை போனதோ பார்சிலோனாவின் இரண்டாம் அணியான பி அணியை நான்காம் டிவிஷனிலிருந்து மேலே கொண்டுவந்திருந்த 37 வயது கார்டியோலாவுக்கு. கிளப்பின் ஆட்டமுறை, இளைஞர் அணியிலிருந்து வருபவர்கள், வெளியே கிளப்பின் முகமாக நடந்துகொள்ளும் விதம் என்று தங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே வரையறுத்து, அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் சீசனிலேயே லீக், ஸ்பானியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் வந்தன.

எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. வேட்பாளரின் வெற்றிகளை விட்டுவிட்டு, அவர் தோற்ற ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பில் அறுபதாவது நிமிடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். 1-0 பின்தங்கியிருக்கிறார், அவருடைய லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தற்காப்பு வீரர்) மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார், எதிரணி அந்தப் பக்கமாகவே திரும்பத் திரும்ப வருகிறது. "இந்த இடத்தில் பெஞ்சில் உங்களுக்குள் என்ன பேச்சு நடந்தது?" என்று கேளுங்கள். சிலர் நடுவரைத் திட்டுவார்கள், சிலர் அந்த வீரரைத் திட்டுவார்கள். வேலை தெரிந்தவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, சிக்கல் லெஃப்ட் பேக் அல்ல, முன்னால் இருக்கும் விங்கர் திரும்பி வராததுதான் என்று விரலால் காட்டுவார். வியாழக்கிழமைப் பயிற்சியில் அதற்காக என்ன செய்து பார்த்தார், ஏன் எடுபடவில்லை என்றும் சொல்வார். அரை மணி நேரப் பவர்பாயிண்டில் கிடைக்காதது இந்த ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

இன்னொன்று: அவர் உங்கள் அணியை எவ்வளவு பார்த்திருக்கிறார்? 2018இல் லீட்ஸ் வேலைக்குப் பேச்சு நடந்தபோது மார்செலோ பியெல்சா அணியின் முந்தைய சீசன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார். எல்லோரும் பியெல்சா ஆக வேண்டாம். ஆனால் உங்கள் இரண்டாவது கோல்கீப்பர் பெயரே தெரியாமல் வருகிறவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

கேள்வி: அண்ணே, பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் நல்ல பயிற்சியாளராகவும் இருப்பாரா?

இருக்கலாம் தம்பி, ஆனால் ஆடியதற்கான பெயர் டிரஸ்ஸிங் ரூமில் முதல் ஒரு மாதம்தான் செல்லும். இடையில் என்ன படித்தார் என்பதுதான் கணக்கு. சாபி அலான்சோ முதலில் ரியல் மாட்ரிட்டின் சிறுவர் அணி, பிறகு ரியல் சோசிடாட்டின் பி அணியில் மூன்று சீசன் என்று அடக்கமாக வேலை பார்த்தார். அந்த பி அணி ஒரு முறை இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது, மறு ஆண்டே இறங்கியது. 2022 அக்டோபரில் லெவர்குசன் இறங்கும் ஆபத்தில் இருந்தபோது வந்தார். 2023-24இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் புண்டஸ்லிகா.

பிர்லோவின் கதை வேறு. 2020இல் ஜுவென்டஸின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு என்று எடுத்தார்கள். அந்த அணி ஓர் ஆட்டம் ஆடுவதற்குள், பத்து நாள்கூட ஆகாமல், முதல் அணியையே தூக்கிக் கொடுத்தார்கள். ஒரே சீசன், லீகில் 4ஆம் இடம், முடிந்தது. கேரி நெவில் வேலன்சியாவுக்குப் போனபோது தலைமைப் பயிற்சியாளர் அனுபவமும் இல்லை, ஸ்பானிஷும் சரளமாக வராது. லீகில் முதல் வெற்றிக்குப் பத்தாவது ஆட்டம் வரை காத்திருந்தார். வீரர்களின் மொழி தெரியாமல் பயிற்சி நடத்திவிடலாம், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். பாதி நேர இடைவேளையின் பதினைந்து நிமிடத்தில் உடைந்துபோன ஒருவரை நிமிர்த்துவதற்குத்தான் மொழி வேண்டும்.

கேள்வி: இடைக்காலப் பயிற்சியாளர் வந்ததும் அணி ஜெயிக்க ஆரம்பிக்கிறது. அவரையே நிரந்தரமாக்கினால் என்ன தப்பு?

அவசரம்தான் தப்பு. யுனைடெட்டில் சோல்ஷயர் இடைக்காலத்தில் 19 ஆட்டத்தில் 14 வென்றார். 2019 மார்ச் கடைசியில் நிரந்தரமாக்கினார்கள். சீசனில் மிச்சம் இருந்த பத்தில் இரண்டுதான் வெற்றி. இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்?

இந்த ஏற்றத்துக்குப் பெரும்பாலும் எளிய விளக்கம் உண்டு. அணி மோசமாக இருக்கும் கட்டத்தில்தான் ஆளை மாற்றுகிறார்கள், அங்கிருந்து எப்படியும் கொஞ்சம் மேலேதான் வர வேண்டும். பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீகை ஆராய்ந்தார். பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிந்தும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டன. ஆனால் இடைக்காலத்தவரை நிரந்தரமாக்கியதெல்லாம் தோல்வி என்று சொல்ல வரவில்லை. ஹான்சி ஃபிளிக் 2019 நவம்பரில் அப்படி வந்தவர்தான், அடுத்த ஆகஸ்டுக்குள் பயர்னுக்கு மூன்று கோப்பைகள்.

கேள்வி: யுனைடெட்டில் ஃபெர்குசனுக்கு முதல் கோப்பைக்கே மூன்றரை ஆண்டு ஆனது. இன்று யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. தப்பு ஆளிடமா, கிளப்பிடமா?

ஃபெர்குசன் உதாரணத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது! 1986இல் வந்தார், 1990இல் எஃப்ஏ கோப்பை, உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுகளில் இளைஞர் அணி, வீரர் தேடும் பிரிவு என்று கிளப்பின் அடித்தளத்தையே மாற்றிக்கொண்டிருந்தார், அது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தது. இன்றைய தலைமைப் பயிற்சியாளருக்கு அந்த அதிகாரமே கிடையாது. வீரர்களை வாங்குவது ஸ்போர்டிங் டைரக்டரின் வேலை. ஆகவே பயிற்சி மைதானத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள், மாறினால் பொறுத்திருங்கள்.

2025இல் லெவர்குசன் புதிதாக எடுத்த பயிற்சியாளர் டென் ஹாக்கை லீகில் இரண்டே ஆட்டத்தில் நீக்கியது. விர்ட்ஸ், ஜாக்கா, ஃபிரிம்போங், டா என்று முதுகெலும்பான வீரர்களை விற்றும் விட்டும் கொடுத்த கோடை அது. இரண்டு ஆட்டத்தில் பயிற்சியாளரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க முடியாது. தேர்வு தப்பு என்று இரண்டு வாரத்தில் புரிந்தது என்றால், எடுப்பதற்கு முன்பே புரிந்திருக்க வேண்டியதுதானே?

கேள்வி: ஆண்கள் அணிக்குப் பெண் தலைமைப் பயிற்சியாளர் வருவாரா?

வந்தாகிவிட்டது. கோரின் தியாக்கர் 2014 முதல் 2017 வரை பிரான்ஸின் இரண்டாம் டிவிஷனில் கிளெர்மோனை நடத்தினார். 2024இல் சப்ரினா விட்மன் ஜெர்மனியின் மூன்றாம் டிவிஷனில் இங்கோல்ஸ்டாட் பொறுப்பை ஏற்றார்.

கேள்வி: லைசென்ஸ் இல்லாமல் வேலை பார்க்க முடியாதாமே?

ஐரோப்பாவின் மேல் டிவிஷன்களில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஎஃபாவின் ப்ரோ லைசென்ஸ் வேண்டும். பிரான்ஸில் ரெய்ம்ஸ் கிளப் 2022இல் வில் ஸ்டில்லை நியமித்தபோது அவரிடம் அது இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25,000 யூரோ அபராதம் கட்டினார்கள். அவர் தோற்காமலே ஆட்டங்களை ஓட்டிக்கொண்டிருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை.

கேள்வி: ஒப்பந்தம் எத்தனை ஆண்டு போட வேண்டும்? ஐந்து, ஆறு என்று போடுவது நம்பிக்கையைக் காட்டாதா சார்?

ரசிகர்களுக்குக் காட்டும். 2013இல் மொயஸுக்கு யுனைடெட் ஆறு ஆண்டு கொடுத்தது, பத்து மாதத்தில் அனுப்பியது. பாட்டருக்கு செல்சீ ஐந்து ஆண்டு கொடுத்தது, அது எப்படி முடிந்தது என்று மேலேயே பார்த்தோம். என் கணக்கில் மூன்று ஆண்டு போதும். இரண்டாம் சீசன் நடுவில் நீட்டிப்பதா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசலாம். ஆண்டுகளைவிட முக்கியம், நீக்கினால் எவ்வளவு கொடுப்பது, வேறு கிளப் கேட்டால் எவ்வளவு வாங்குவது என்ற இரண்டு தொகைகளும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் இருப்பது. அப்புறம் அவரோடு வரும் உதவியாளர்கள், உடற்பயிற்சி நிபுணர், கோல்கீப்பர் பயிற்சியாளர் எல்லோருடைய ஒப்பந்தமும் அவருடையதோடு முடிகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் போன பிறகும் அவருடைய ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு, புதிதாக வருகிறவரிடம் "இவர்களை வைத்துச் சமாளியுங்கள்" என்று கேட்க வேண்டிவரும்.