பழைய டேப்லெட்டைச் சுவரில் மாட்டும் முன் பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டில் விளக்குகள், மின்விசிறிகள் ஆகியவற்றுக்கு ஸ்மார்ட் சுவிட்சுகளும் வாசலில் ஒரு கேமராவும் பொருத்தியிருக்கிறோம். எல்லாம் என் கைப்பேசியில்தான் இயங்குகின்றன. நான் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் வீட்டிலிருக்கும் அப்பாருக்கும் ஆத்தாவுக்கும் அவற்றால் பயனில்லை. 2020-இல் பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்காக வாங்கிய 10 அங்குல டேப்லெட் ஒன்று, ஆண்ட்ராய்டு 9, 2 ஜிபி ரேம், அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதை ஆசாரத்துச் (கூடத்துச்) சுவரில் நிரந்தரமாக மாட்டிவிடலாமா? இரவும் பகலும் சார்ஜரில் இருந்தால் கெட்டுப்போகாதா? போர் மோட்டாரையும் அதிலேயே போட்டு நிறுத்த முடியுமா?

பதில்: மாட்டலாம். நீங்கள் இரண்டாவதாகக் கேட்டிருப்பதற்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் சுவரில் மாட்டிய டேப்லெட்டுகள் பெரும்பாலும் செயலிக் கோளாறால் வீணாவதில்லை. பேட்டரி உப்பித்தான் வீணாகின்றன. டேப்லெட்டின் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பதும் வெப்பத்தில் வைத்திருப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும் இரு முக்கியக் காரணங்கள். இரண்டும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகி உறை வீங்கத் தொடங்கும். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதன்று. மேற்கு வெயில் அடிக்கும் சுவரில், காற்றுப் புகாத சட்டத்துக்குள், எந்நேரமும் நூறு சதவீதத்தில் நிற்கும் டேப்லெட்டின் உள்சூடு இதைவிடப் பல டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஆகவே சுவரைத் தேர்வதிலேயே பாதி வேலை முடிகிறது: வெளிச்சுவரை விட உட்சுவர் நல்லது, ஓட்டுக்கோ தகரக் கூரைக்கோ வெகு அருகில் வேண்டாம், அடுப்படிச் சுவரின் மறுபக்கமும் வேண்டாம்.

உங்கள் டேப்லெட் நெடுநாள் அலமாரியில் கிடந்தது என்பதால் ஒரு சோதனை கட்டாயம். உறையைக் கழற்றிவிட்டுச் சமதளமான மேசையின் மேல் மல்லாத்தி வைத்து, மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, திரையின் ஓரம் எங்காவது சட்டத்திலிருந்து எழும்பியிருந்தாலோ, அந்தப் பேட்டரியை மாற்றாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ அழுத்திச் சமப்படுத்துவதோ தீ விபத்துக்கு வழி. வீக்கம் இல்லையென்றால் முதல் முறை சார்ஜ் ஏற்றுவதை ஆள் பார்வையில், சிமெண்டுத் தரையிலோ டைல்ஸ் மீதோ வைத்துச் செய்யுங்கள். முற்றிலும் வடிந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பேட்டரி மீண்டும் சார்ஜ் ஏறினாலும் பழைய நிலைக்கு வருவது ஐயமே. சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத அளவு சுட்டால் அதைச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சோதனையில் தேறிவிட்டால், அடுத்து சார்ஜை எந்த அளவில் வைப்பது என்பது. சில நிறுவனங்களின் புதிய டேப்லெட்டுகளில் குறிப்பிட்ட சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி அமைப்புகளிலேயே உண்டு. 2020-இல் வாங்கிய குறைந்த விலை டேப்லெட்டில் அது இருக்க வாய்ப்புக் குறைவு. அவ்வாறாயின் சார்ஜரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் (வைஃபை வழியே போட்டு அணைக்கக்கூடிய பிளக்) செருகி, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பிளக்கைப் போடவும் 70-ஐத் தாண்டினால் அணைக்கவும், பின்னால் சொல்லப்போகும் ஹோம் அசிஸ்டண்ட் மென்பொருளில் விதி எழுதிவிடலாம். இதில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்றுண்டு. பேட்டரி அளவைச் சொல்ல வேண்டியது டேப்லெட். அது வைஃபையை இழந்தாலோ உறைந்து நின்றாலோ பிளக்குக்குச் செய்தி போகாது, டேப்லெட் தானாக வடிந்து அணைந்துவிடும், அணைந்த பிறகு சொல்லவும் முடியாது. எனவே டேப்லெட்டிலிருந்து ஒரு மணி நேரமாகச் செய்தியே வரவில்லையென்றால் பிளக்கைப் போட்டுவிடு என்று இரண்டாவது விதியையும் சேர்த்தே எழுத வேண்டும். இவ்வளவு சிரமம் வேண்டாமென்றால் பிளக்கின் சொந்த அட்டவணையில் காலையில் சிறிது நேரம், இரவில் சிறிது நேரம் என்று வைத்து, ஒரு வாரம் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் உங்கள் வீட்டுக்கு இந்த எளிய வழியே போதும். மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்: 10 அங்குல டேப்லெட் திரை எரியும்போது சுமார் 5 வாட் எடுக்கும் என்று கொண்டாலும், நாள் முழுவதும் எரிந்தால் மாதத்துக்கு 4 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

சார்ஜரைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிடச் சொல்லும் வேலையாட்கள் உண்டு. சம்மதிக்காதீர்கள். சார்ஜர் பழுதாகும் பொருள், சூடாகும் பொருள். கைக்கு எட்டும் சாக்கெட்டில் அது வெளியே தெரிய இருக்கட்டும். டேப்லெட்டுக்கு நேர் கீழே ஒரு சாக்கெட் எடுத்து, அங்கிருந்து மேலே வரும் யுஎஸ்பி கம்பியை மட்டும் பிவிசி கேசிங்கில் மறைத்தால் அழகும் கெடாது. கம்பி ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது. மலிவான கம்பிகளுக்குள் இருக்கும் செம்பு மிக மெல்லியது. அத்தகைய கம்பி 3 மீட்டர் நீளத்துக்குப் போனால் 5 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே இழந்துபோய், சார்ஜ் ஏறுவதாகத் திரை காட்டிக்கொண்டே இருக்க, பேட்டரி மெல்ல வடிந்துகொண்டிருக்கும். இந்தக் கம்பியை 230 வோல்ட் வயர்கள் செல்லும் அதே குழாய்க்குள் செலுத்தவும் கூடாது.

சட்டம் மரத்திலோ அக்ரிலிக்கிலோ எதில் செய்தாலும் டேப்லெட்டின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சென்டிமீட்டராவது காற்று ஓட விடுங்கள். மேலும் கீழும் திறந்திருக்கட்டும். இருபக்க ஒட்டு டேப் வேண்டாம். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் அது காலப்போக்கில் சுண்ணாம்போடு பெயர்ந்து வரும், பெயராவிட்டாலோ உப்பும் பேட்டரியை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும். சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்துத் திருகு முடுக்கிய சட்டத்தில், மேலிருந்து செருகி எடுக்கும்படி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து முதுகைத் தடவிப் பார்ப்பது எளிதாகும். உயரத்தை உங்கள் கண்ணுக்கு வைக்காமல் ஆத்தாவின் கண்ணுக்கு வையுங்கள்.

இனி மென்பொருள். உங்கள் சுவிட்சுகளுக்குரிய செயலியை டேப்லெட்டிலும் நிறுவி, வீட்டு உறுப்பினராக ஒரு தனிக் கணக்கைச் சேர்த்துவிட்டால் அன்றைக்கே வேலை தொடங்கிவிடும். ஆனால் சந்தையில் கிடைக்கும் பல ஸ்மார்ட் சுவிட்சுகளின் கட்டளைகள் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பி வருபவை என்பதால், கோடை மழையில் ஃபைபர் அறுந்த அன்று ஆசாரத்து விளக்கைத் திரையிலிருந்து போட முடியாமல் போகலாம். இதற்கு மாற்று, 2013 முதல் வளர்ந்துவரும் ஹோம் அசிஸ்டண்ட் என்ற திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினியிலோ அதை ஓட்டலாம்; ஆதரவுள்ள சுவிட்சுகளோடு வீட்டுக்குள்ளேயே பேசும், வெவ்வேறு நிறுவனங்களின் பொருள்களையும் ஒரே பக்கத்தில் காட்டும். டேப்லெட் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் கண்ணாடி மட்டுமே என்பதால் 2 ஜிபி ரேம் போதும், வரைபடங்களும் அசையும் படங்களும் அடுக்காமல் இருக்கும்வரை. ஃபுல்லி கியோஸ்க் பிரவுசர் போன்ற செயலியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஓரப் பட்டைகள் மறைந்து முழுத் திரையாக நிற்கும். அதன் சில வசதிகளுக்குக் கட்டணம் உண்டு. ஆள் நெருங்கினால் திரை எரிய வேண்டும் என்று முன் கேமராவை எந்நேரமும் விழித்திருக்க வைப்பார்கள். அது சூட்டைக் கூட்டுவதோடு ஆசாரத்தில் நிரந்தரக் கண்ணையும் வைக்கிறது. திரையைத் தொட்டால் எரியட்டும், ஒரு நிமிடத்தில் அணையட்டும்.

பக்கத்தில் என்ன வைப்பது என்பதில் கஞ்சனாக இருங்கள். முதல் திரையில் பெரிய பொத்தான்கள் ஆறேழுக்கு மேல் வேண்டாம். பெயர்களை ‘ஆசாரம் லைட்’, ‘வாசல் லைட்’, ‘மாட்டுக்கொட்டகை’ என்று வீட்டில் சொல்கிறபடியே தமிழில் தட்டச்சு செய்யுங்கள். வாசல் கேமராவின் முழுத் தெளிவுப் படத்தை இந்த டேப்லெட் தாங்காது. பெரும்பாலான ஐபி கேமராக்கள் குறைந்த தெளிவில் இரண்டாவது வீடியோவாகத் துணை ஓடை ஒன்றையும் தரும், அதை ஹெச்.264 என்ற வீடியோ வடிவில் வைத்து, தொட்டால் மட்டும் திறக்கும்படி அமையுங்கள். சுவரிலிருக்கும் சாதாரண சுவிட்சுகளை எக்காரணம் கொண்டும் அகற்றாதீர்கள். ரௌட்டர், ராஸ்பெரி பை, டேப்லெட் சார்ஜர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். ரௌட்டரோ ராஸ்பெரி பையோ விடுபட்டால் கரண்ட் போன நேரத்தில் டேப்லெட்டால் பயனில்லை.

மோட்டாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்தானே, 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் தாங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை போகும். அந்த அடி திரும்பத் திரும்ப விழுந்தால் பிளக்கினுள் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு அணைத்தாலும் அணையாது. ஆகவே ஸ்மார்ட் ரிலே, காண்டாக்டரின் (மோட்டார் போன்ற பெரிய சுமைக்கான மின்காந்த சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்க வேண்டும். மோட்டார் மின்சாரம் காண்டாக்டர் வழியாகவும், ஏற்கெனவே உள்ள ஓவர்லோடு (மிகைச்சுமை), டிரை ரன் (தண்ணீரின்றி ஓடுதல்) காப்புகள் வழியாகவுமே போக வேண்டும். சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் மோட்டாரின் பெட்டிகள் பலவற்றில் பச்சைப் பொத்தானை ஓரிரு நொடி அழுத்திப் பிடித்தால்தான் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சேர்ந்து மோட்டார் கிளம்பும். அத்தகைய பெட்டியில் வெறும் ஆன்-ஆஃப் ரிலேயைச் சேர்த்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நின்று காயில் கருகும். உங்களுடையது எந்த வகை என்பதை எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தோட்டத்து த்ரீ பேஸ் மோட்டாருக்கு ஏற்கெனவே சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். வைஃபை எட்டாத கிணற்றடிக்கு அதுதான் பொருத்தம்.

வீட்டுப் போர் மோட்டாரை இணைப்பதென்றால், நிறுத்தும் பொறுப்பை டேப்லெட்டிடம் தரக் கூடாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது வைஃபை போனால் அணைக்கும் கட்டளை போய்ச் சேராது. எனவே மேல்தொட்டி நிரம்ப வழக்கமாக ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தானே அணையும்படி ரிலேக்குள்ளேயே டைமரை அமையுங்கள். தொட்டியில் ஒரு மிதவை சுவிட்சும், அதன் வயர் காண்டாக்டர் காயில் சுற்றில் நேரடியாகவும் இருக்கட்டும். திரையில் பொத்தான் நிறம் மாறுவது கட்டளை போனதைத்தான் காட்டும், தண்ணீர் ஏறுவதைக் காட்டாது. மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளக்கும் உணரி ஒன்றைச் சேர்த்து அந்த எண்ணைப் பொத்தானுக்குக் கீழே காட்டினால், மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்பதை அப்பாரு உட்கார்ந்த இடத்திலிருந்தே அறியலாம்.

கடைசியாகப் பாதுகாப்பு. ஆண்ட்ராய்டு 9-க்குப் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. குரோம் உலாவியும் 2025-இல் அந்தப் பதிப்பைக் கைவிட்டுவிட்டது. பழைய கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு அதன்பின் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். வங்கிச் செயலி, மின்னஞ்சல், வாட்ஸாப் எதுவும் அதில் வேண்டாம். ரௌட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தாலும் அதில் சேர்த்தால் மற்ற கருவிகளை எட்ட முடியாமல் போகலாம் என்பதால், ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கும் டேப்லெட்டுக்கும் ஹோம் அசிஸ்டண்ட் கணினிக்கும் சேர்த்துத் தனி வைஃபைப் பெயர் அமைக்க முடியுமானால் நல்லது. சுவிட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குபவை என்பதை மறக்க வேண்டாம். ஹோம் அசிஸ்டண்டில் டேப்லெட்டுக்கென நிர்வாகி உரிமையற்ற தனிப் பயனரை உண்டாக்கி, உள் வலையமைப்பிலிருந்து மட்டும் நுழையும்படி தெரிவு செய்யுங்கள். திருப்பூரிலிருந்து நீங்கள் பார்ப்பதற்கு ரௌட்டரில் போர்ட்டை (வெளி இணையத்திலிருந்து நுழையும் வழியை) திறந்துவிடாதீர்கள். விபிஎன் (இணையத்தின் ஊடே மறைகுறியிட்ட தனி இணைப்பு) வழியாக வாருங்கள், அதற்கான செயலியை உங்கள் கைப்பேசியிலும் ஹோம் அசிஸ்டண்ட் கணினியிலும் நிறுவினால் போதும், டேப்லெட்டைத் தொட வேண்டியதில்லை.