பைபாஸுக்குக் காலில் நரம்பு எடுக்கக் கூடுதல் பணம்: கொடுக்கலாமா?

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்திலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அம்மாவுக்கு 56 வயது. கடலில் பாசி எடுக்கிற வேலை. ரொம்ப நாளாகச் சுகர். மதுரையில் பைபாஸ் செய்யச் சொல்லிவிட்டார்கள். காலை நீளமாகக் கீறாமல் கேமரா விட்டும் நரம்பு எடுக்கலாம், அதற்குத் தனியாகப் பணம் கட்டணும் என்கிறார்கள். வட்டிக்குத்தான் வாங்கணும். தேவையா?"

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அது வீண்செலவு இல்லை. ஆனால் அந்தப் பணம் காலைக் காப்பாற்றத்தான். இதயத்துக்கு அதனால் கூடுதல் நன்மை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பைபாஸில் முக்கியமான அடைப்புக்கு நெஞ்சுக்குள் இருக்கும் தமனியையே திருப்பி இணைப்பார்கள். மற்ற அடைப்புகளுக்குப் பெரும்பாலும் கணுக்காலின் உட்பக்கம் தொடங்கித் தொடை வரை போகும் ரத்தக்குழாயை எடுத்து இணைப்பார்கள். நரம்பு என்று சொல்வது இதைத்தான். பழைய முறையில் அதன் மேலேயே நீளமாகக் கீறித் தைப்பார்கள். கேமரா முறையில் முழங்கால் அருகே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீறல்தான். உள்ளே கேமராக் குழாயை விட்டு, ரத்தக்குழாயின் கிளைகளைச் சுட்டு அடைத்து, ரத்தக்குழாயை உருவி எடுப்பார்கள். அதற்கான கருவியை ஒருவருக்குப் பயன்படுத்தியபின் தூக்கிப் போட வேண்டும். கூடுதல் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான்.

2009இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கேமராவில் எடுத்த குழாய்கள் சீக்கிரம் அடைபடுகின்றன என்று சொல்லி எல்லோரையும் பயமுறுத்தியது. அப்புறம் 1,150 பேரைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. மரணம், மாரடைப்பு, மறுபடியும் அடைப்பு நீக்கும் சிகிச்சை, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் கேமரா முறையில் நூற்றுக்கு சுமார் 14 பேர், கீறல் முறையில் 15.5 பேர். பெரிய வித்தியாசம் இல்லை. காலில் சீழ் பிடித்தவர்கள் மட்டும் கீறல் முறையில் நூற்றுக்கு 3.1 பேர், கேமரா முறையில் 1.4 பேர். ஆனால் அந்த ஆய்வில் குழாய் எடுத்தவர்கள் எல்லோரும் நூறுக்கு மேல் செய்து கை பழகியவர்கள். பழகாத கையில் ரத்தக்குழாய் இழுபட்டு அதன் உட்சுவர் கெட்டுப்போகலாம். ஆகவே, "யார் எடுப்பார்கள், இதுவரை எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். சரியான பதில் வரவில்லையென்றால் பழைய முறையே மேல்.

நூற்றுக்கு மூன்று என்பது சின்னக் கணக்குதான். ஒல்லியான, சுகர் இல்லாத ஆளுக்கு நான் அந்தப் பணத்தைக் கட்டச் சொல்ல மாட்டேன். சுகர் உள்ள பெண்களுக்குத்தான் கால் புண் அதிகம் தொல்லை தரும். அதுவும் பாசி எடுப்பவர்கள் விரலுக்குத் துணி சுற்றி, காலுக்குச் செருப்போ தகடோ கட்டிக்கொண்டு பாறையில் நிற்கிறவர்கள். ஆறாத தையலோடு கடலில் இறங்கக் கூடாது. புண் பிரிந்தால் டிரெஸ்ஸிங், ஆன்டிபயாடிக், மதுரைக்குப் பஸ், கூட வருகிறவரின் ஒருநாள் கூலி, அம்மாவின் பல வார வருமானம் எல்லாம் போகும். இதையெல்லாம் எழுதிப் பார்த்து, அவர்கள் கேட்கும் தொகையோடு ஒப்பிடுங்கள்.

வட்டிக்கு வாங்கும் முன் இரண்டு விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அந்தத் திட்டத்தில் ஆபரேஷன் என்றால் தனிப் பணம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம். இரண்டாவது, நடுவழி ஒன்று உண்டு. இடைவெளி விட்டுவிட்டுச் சின்னச் சின்னதாகக் கீறி, நடுவில் தோலை அப்படியே விட்டு எடுப்பது. தனிக் கருவி வேண்டாம். கடன்தான் ஒரே வழி என்றால் இதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள், போதும்.

எந்த முறையானாலும் ஆபரேஷனுக்கு முன்பே சுகரைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வந்தபின் உட்காரும்போது காலைத் தூக்கி வைக்கட்டும். கொஞ்ச நாள் வீக்கம் இருப்பது சகஜம். தையலில் நீர் கசிந்தாலோ, சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டு, மதுரை டாக்டருக்கும் போனில் சொல்லிவிடுங்கள்.