மடல் பட்டியலில் கர்சர் எங்கே நிற்க வேண்டும்? – கேள்வி பதில்

கேள்வி: மின்னஞ்சல் செயலியில் ஒரு மடலை அழித்ததும், எந்த மடலில் இருக்கிறோம் என்று காட்டும் கர்சர் மேலே போக வேண்டுமா, கீழே இறங்க வேண்டுமா?

பதில்: வாசிப்பவர் எந்தத் திசையில் சென்றுகொண்டிருந்தாரோ, அந்தத் திசையிலேயே போக வேண்டும். புதியவை மேலே இருக்கும் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசித்து வருபவருக்கு, அழித்த பின் கர்சர் கீழே இறங்கினால், முன்பே படித்துப் பத்திரப்படுத்திய மடலின் மேல் அது நிற்கும். கைப்பழக்கத்தில் அழிக்கும் விசையை மறுபடி அழுத்தினால் அந்த மடல் போய்விடும். ஜிமெயிலில் ‘ஆட்டோ அட்வான்ஸ்’ என்ற வசதியை இயக்கினால், அழித்த பின் புதிய மடலுக்குப் போவதா பழையதற்குப் போவதா என்பதைப் பயனரே தீர்மானிக்கலாம். ‘மட்’ என்ற மின்னஞ்சல் செயலியோ அழித்த மடலுக்குக் குறி மட்டும் இட்டு, அதை வரிசையிலேயே விட்டுவைக்கிறது. தவறைக் கண்ணெதிரே காட்டித் திருத்த இடம் தரும் இந்த முறையே எனக்கு உகந்தது.

கேள்வி: நான் எழுதிவரும் செயலியில் புது மடல் வந்தவுடன் கர்சர் வேறொரு மடலுக்கு மாறிவிடுகிறது. காரணம் என்ன?

பதில்: கர்சரின் இடத்தை வரிசை எண்ணாக நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கர்சர் மடலுக்கு உரியது, வரிக்கு உரியதன்று. சேவையகத்தில் உள்ள மடல்களைச் செயலி அணுகப் பயன்படும் ஐமேப் நெறிமுறையில் ஒவ்வொரு மடலுக்கும் இரண்டு எண்கள் உண்டு. தொடர் எண் என்பது ஒன்றிலிருந்து இடைவெளியின்றிச் செல்வது. நடுவில் ஒரு மடல் நிரந்தரமாக நீக்கப்பட்டால், அதற்குப் பின்னுள்ள அனைத்தின் தொடர் எண்ணும் ஒவ்வொன்று குறையும். ‘யூஐடி’ எனப்படும் 32 பிட் அடையாள எண்ணோ, அந்த எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும், கோப்புறையின் ‘யூஐடி வேலிடிட்டி’ மதிப்பு மாறாதவரை, வேறெந்த மடலுக்கும் போகாது. கர்சரை இந்த எண்ணோடு பிணையுங்கள். அந்த மதிப்பு மாறிவிட்டால், மடலின் தலைப்பகுதியில் உள்ள ‘மெசேஜ் ஐடி’ என்ற அடையாளத்தைக் கொண்டு தேடிப் பிடியுங்கள்.

அத்துடன் திரையையும் கவனிக்க வேண்டும். மேலே புது வரி சேரும்போது பட்டியல் முழுவதும் ஒரு வரி கீழே நகர்ந்தால், மௌஸால் சொடுக்கப் போனவரின் சொடுக்கு பக்கத்து மடலில் விழும். எனவே, வாசித்துக்கொண்டிருக்கும் வரி திரையில் இருந்த இடத்திலேயே இருக்குமாறு பட்டியலின் உருட்டலை ஈடுசெய்ய வேண்டும்.

கேள்வி: கோப்புறையைத் திறக்கும்போது?

பதில்: முதல் படிக்காத மடலில் நிற்கட்டும். ‘அல்பைன்’ என்ற மின்னஞ்சல் செயலியில் உள்பெட்டிக்கு இதுவே இயல்பான விதி. சற்று முன் விட்டுச்சென்ற கோப்புறைக்குத் திரும்பினால், விட்ட இடத்திலேயே தொடரட்டும்.

கேள்வி: நான் பார்வையற்றவன், திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன். இணையவழி அஞ்சலில் ஒரு மடலை அழித்ததும் பக்கத்தின் தொடக்கத்துக்கே தள்ளப்படுகிறேன். இது என் கருவியின் குறையா, ஐயா?

பதில்: இல்லை, செயலியின் குறை. குவியம் (விசை அழுத்தங்களை ஏற்கும் இடம், ‘ஃபோகஸ்’) இருந்த வரியைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, குவியத்தை எங்கே வைப்பது என்று நிரலர் சொல்லாமல் விட்டால், அது பக்கம் முழுவதையும் அடக்கிய உடற்பகுதிக்கு (‘பாடி’) போய்விடும். வரியை நீக்கும்போதே அடுத்த வரிக்குக் குவியத்தை மாற்றியிருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. கண் உள்ளவர்களுக்குச் சிறு எரிச்சலாகத் தோன்றுவது, உங்களுக்கு ஒவ்வொரு மடலுக்கும் பட்டியலை மீண்டும் தேடிப் பிடிக்கும் வேலையாகிறது. ஆகவே இதை அழகு சார்ந்த குறையாகக் கருதித் தள்ளிப்போடக் கூடாது. செயலியை உருவாக்கியவர்களுக்கு இந்த விவரங்களோடு எழுதுங்கள்.

கேள்வி: ‘படிக்காதவை மட்டும்’ என்ற வடிகட்டியில், திறந்த மடல் உடனே மறைவது சரியா?

பதில்: சரியன்று. திறந்ததுமே அது படித்ததாகிவிடும் என்பதால் விதிப்படி நீங்க வேண்டியதுதான். ஆயினும் கர்சர் அதன் மேல் இருக்கும்வரை அந்த வரி பட்டியலில் இருக்க வேண்டும், பயனர் அடுத்த மடலுக்கு நகர்ந்த பிறகே நீங்க வேண்டும்.