வீட்டில் ஸ்வெட்ஷர்ட் டிரஸ் தைக்க: கேள்வி பதில்

முழங்கால் வரை வரும், தளர்வான, தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்ஷர்ட் டிரஸ் தைப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. கணக்குப் புரிவதற்காக எல்லாப் பதில்களிலும் ஒரே அளவை வைத்திருக்கிறேன்: மார்பு 92 செ.மீ., சீட் (பின்புறம் அகலமான இடத்துச் சுற்று) 98 செ.மீ., உயரம் 160 செ.மீ. உங்கள் அளவை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்தத் துணி எடுக்கணும்? கடையில் லூப்நிட், ஃப்ளீஸ் என்று இரண்டு காட்டுகிறார்கள்.

இரண்டும் பின்னல் துணிதான். லூப்நிட்டின் உள்பக்கம் சின்னச் சின்ன வளையங்களாக இருக்கும். அந்த வளையங்களைச் சுரண்டிப் பஞ்சாக்கினால் ஃப்ளீஸ். குளிருக்கு ஃப்ளீஸ், மற்ற நாளுக்கெல்லாம் லூப்நிட். முதல் முறை தைப்பவர்கள் லூப்நிட்டே எடுங்கள். பஞ்சு பறக்காது, மெஷினும் எளிதாக இழுக்கும்.

எடை 240 முதல் 280 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வரை சரி. 200-க்குக் கீழே போனால் உடம்போடு ஒட்டும். 320-ஐத் தாண்டினால் கழுத்துப்பட்டியும் தோள் தையலும் சேரும் இடத்தில் வீட்டு மெஷின் திணறும்.

எடையைவிட முக்கியம், இழுத்துவிட்டால் துணி திரும்புகிறதா என்பது. துணியை அகலவாக்கில் 10 செ.மீ. பிடித்து இழுங்கள். 12.5 செ.மீ. வரை வந்து, விட்டதும் 10-க்கே திரும்பினால் நல்ல துணி. 10.5-இல் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்ததும் பின்புறம் பை போலத் தொங்கும். அதை எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது. 5% லைக்ரா கலந்தது இந்த விஷயத்தில் நிம்மதி.

கேள்வி: எத்தனை மீட்டர் வாங்கலாம்?

150 செ.மீ. அகலத் துணியானால் மேலே சொன்ன அளவுக்கு 1.8 மீட்டர். முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும், கைகள் அவற்றுக்குக் கீழே வரும். ஒரு பாகத்தின் கீழ் அகலம் 75 செ.மீ.க்கு மேல் போனால் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும், அப்போது 2.25 மீட்டர். கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் ரிப் துணி (வரிவரியாக, நன்றாக இழுபடும் பின்னல்) 30 செ.மீ. போதும்.

கேள்வி: வெட்டுவதற்கு முன் நனைத்தே ஆகணுமா?

ஆமாம். பருத்தி கலந்த பின்னல் துணி 5% வரை, சில நேரம் அதற்கு மேலும் சுருங்கும், அதுவும் நீளவாக்கில்தான் அதிகம். 100 செ.மீ. டிரஸ்ஸில் 5 செ.மீ. என்பது முழங்காலுக்கும் தொடைக்கும் உள்ள வித்தியாசம். பின்னால் எப்படித் துவைக்கப்போகிறீர்களோ அப்படியே துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் பரப்பிக் காயவையுங்கள். அடர்நிற ரிப்பைத் தனியாக அலசுங்கள், சாயம் இறங்கும்.

கேள்வி: அக்கா, பேப்பர் பேட்டர்ன் இல்லை. அளவு எடுத்து நானே வரையலாமா?

தாராளமாக. இந்த டிரஸ்ஸில் டார்ட் (உடலோடு ஒட்டப் பிடிக்கும் தையல் மடிப்பு) கிடையாது, ஜிப் கிடையாது, அதனால் வரைவது சுலபம்.

மார்பில் 14 செ.மீ. தளர்வு கொடுத்தால் 92 + 14 = 106. நான்கில் ஒரு பங்கு 26.5, இது பாதி முன்பக்கத்தின் அகலம். சீட்டில் 10 செ.மீ. கொடுத்தால் 108, நான்கில் ஒரு பங்கு 27. கீழ் விளிம்பில் 30 வைத்தால் மொத்தச் சுற்று 120, தாராளமாக நடக்கலாம். இடுப்பை உள்ளே வளைக்காதீர்கள். அக்குளிலிருந்து சீட் வரை ஏறக்குறைய நேர்கோடு, அங்கிருந்து கீழே லேசான விரிவு, அவ்வளவுதான். நீளம் கழுத்தை ஒட்டிய தோள் புள்ளியிலிருந்து 98.

தோள் எலும்பைத் தாண்டி 4 செ.மீ. வெளியே விடுங்கள். கழுத்து அகலம் மொத்தம் 19, முன் இறக்கம் 9, பின் இறக்கம் 2.5. கையின் நீளத்துக்கு: தோளிலிருந்து மணிக்கட்டு 58 என்றால், வெளியே விட்ட 4 கழிய, பட்டிக்கு 6 கழிய, மடங்கி விழ 2 கூட்டி, 50.

இவை எல்லாம் தையல் கோட்டின் அளவுகள். சுற்றிலும் 1 செ.மீ. தையலுக்கும், கீழே 3 செ.மீ. மடிப்புக்கும் சேர்த்து வெட்டுங்கள். கழுத்தில் மட்டும் கவனம்: அங்கே தையலுக்கு விடுவது என்றால் வளைவுக்கு உள்பக்கம், கழுத்தை நோக்கி 1 செ.மீ. விடுவது. பழக்கத்தில் கோட்டுக்கு வெளியே வெட்டிவிட்டால் கழுத்து அகலத்தில் 4 செ.மீ. கூடி, பட்டி தோளில் சரியும்.

துணி எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். எல்லாப் பாகங்களும் ஒரே திசை பார்த்து வெட்டப்பட வேண்டும், இல்லாவிட்டால் கை ஒரு நிறமாகவும் உடல் ஒரு நிறமாகவும் தெரியும்.

கேள்வி: போன முறை தைத்தபோது, கையைத் தூக்கினால் டிரஸ் முழுக்க மேலே ஏறியது. ஏன்?

அக்குள் அதிகமாக இறங்கியிருக்கும், கைக்குன்று (கைத்துணியின் மேல்பக்க வளைவு) உயரமாக இருந்திருக்கும். தளர்வு வேண்டும் என்று அக்குளை இறக்குவதுதான் பலரும் செய்வது, ஆனால் விளைவு நேரெதிர். அக்குள் கீழே போகப் போக, கையைத் தூக்கும்போது பக்கத்துணி சேர்ந்து வருகிறது. இந்த அளவுக்குத் தோள் முனையிலிருந்து 22 செ.மீ. இறக்கம் போதும். கைக்குன்று தாழ்வாக, 8 அல்லது 9 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கையின் வளைவும் அக்குளின் வளைவும் டேப்பை நிறுத்தி வைத்து அளந்தால் சமமாக வர வேண்டும். கை 1 செ.மீ. கூடுதலாக இருந்தால் தைக்கும்போது உள்ளே போய்விடும், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: என் மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான். ஓவர்லாக் இல்லாமல் முடியுமா?

முடியும். பின்னல் துணியின் வெட்டு ஓரம் நெய்த துணி போலப் பிரியாது, அதனால் ஓவர்லாக் (ஓரத்தை நூலால் சுற்றிக் கட்டும் தையல்) அழகுக்குத்தான், கட்டாயமில்லை. தையல் அறுந்து போகாமல் இருப்பதுதான் முக்கியம். பருத்தி நூலை விட்டுவிட்டு பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 2.5 மி.மீ., மேல்நூல் கொஞ்சம் தளர்வாக. கழுத்துத் தையல்தான் முதலில் அறும், தலை நுழையும்போது இழுபடுவதால். நேர்த்தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் தையல் கோட்டில் கழுத்துச் சுற்று தலைச் சுற்றைவிடப் பெரிதாக, 60 செ.மீ. வருமாறு வரைந்துவிடுங்கள். தையல் இழுபடவே வேண்டியிருக்காது.

ஜிக்ஜாக் இருந்தால் அகலம் 0.5 முதல் 1, நீளம் 2.5. வெளியிலிருந்து பார்த்தால் நேர்த்தையல் போலவே தெரியும், ஆனால் இழுபடும்.

கேள்வி: தையல் அங்கங்கே தாண்டுது, துவைத்தபின் தையல் ஓரத்தில் ஓட்டையும் விழுது.

இரண்டுக்கும் காரணம் ஊசி. சாதாரண கூர் ஊசி பின்னல் நூலைக் குத்தி அறுக்கும். நுனி உருண்ட பால் பாயிண்ட் ஊசி நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். 260 ஜிஎஸ்எம் துணிக்கு 90/14, மெல்லியதற்கு 80/12. லைக்ரா கலந்த துணியில் அதுவும் தாண்டினால் ஸ்ட்ரெட்ச் ஊசி.

கேள்வி: எந்த வரிசையில் தைப்பது?

தோள், கழுத்துப்பட்டி, கை, பக்கம், மணிக்கட்டுப் பட்டி, கீழ் மடிப்பு. பை வைப்பதானால் பக்கம் மூடுவதற்கு முன். கையைப் பக்கம் திறந்திருக்கும்போதே தட்டையாக வைத்துப் பொருத்தி, பிறகு கீழ் விளிம்பிலிருந்து அக்குள் வழியாக மணிக்கட்டு வரை ஒரே ஓட்டமாகத் தைத்துவிடலாம்.

தோளில் மறக்காமல் 1 செ.மீ. நாடாவோ, மெல்லிய பருத்தித் துணியின் கரைத் துண்டோ சேர்த்துத் தையுங்கள். நாடாவின் நீளத்தைப் பேட்டர்னிலிருந்து அளந்து வெட்டுங்கள். துணியிலிருந்து அளந்தால் ஏற்கெனவே இழுபட்ட அளவைத்தான் நிரந்தரமாக்குவீர்கள். டிரஸ்ஸின் முழு எடையும் தொங்குவது தோளில்தான்.

கேள்வி: கழுத்துப்பட்டி எனக்கு ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. ஒன்று எழும்பி நிற்கிறது, இல்லை கழுத்து சுருங்குகிறது.

எழும்பி நின்றால் பட்டி நீளம் அதிகம். சுருங்கினால் குறைவு. கண்ணால் பார்த்து வெட்டாமல் கணக்குப் போட்டால் இரண்டும் வராது.

டேப்பை விளிம்பில் நிறுத்தித் தையல் கோட்டை அளங்கள். நாம் வரைந்த கழுத்தில் அது சுமார் 50 செ.மீ. ரிப் துணிக்கு இதில் 85%, அதாவது 42.5. தையலுக்கு 2 சேர்த்து 44.5 செ.மீ. வெட்டுங்கள். தொளதொளவென்ற ரிப் என்றால் 80%. அகலம், முடிந்த பட்டி 2 செ.மீ. வேண்டுமென்றால், இரு மடங்கு 4, தையலுக்கு 2, ஆக 6. டிரஸ் துணியிலேயே பட்டி வெட்டுவதானால் 90% வைக்க வேண்டும். ஆனால் 25% மட்டுமே இழுபடும் துணியில் அந்த 45 செ.மீ. பட்டி 56 வரைதான் விரியும், தலைச் சுற்று 57 என்றால் மாட்டிக்கொள்ளும். அதனால் இந்தக் கழுத்துக்கு ரிப்தான்.

பட்டியை வளையமாக்கி, மடித்து, நான்கு சம பங்காகக் குறியிடுங்கள். கழுத்தையும் நான்காகப் பிரியுங்கள். தோள் தையலைக் கால் பங்காக எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. முன் வளைவு சுமார் 29, பின் வளைவு 21. கால் பங்கு 12.5 என்பதால் அந்தப் புள்ளி தோள் தையலிலிருந்து 2 செ.மீ. முன்னால் விழும். தோளிலேயே குத்திவிட்டால் முன்பக்கம் பட்டி அதிகம் இழுபட்டு கழுத்து சுருங்கும், பின்பக்கம் தளர்ந்து எழும்பும். நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே கழுத்தில் வருவது இப்படித்தான்.

தைக்கும்போது பட்டி மேலே, டிரஸ் கீழே. பட்டியை மட்டும் இழுங்கள், கீழே இருக்கும் துணி அதன்போக்கில் வரட்டும். முடித்ததும் உள்ளே நிற்கும் தையல் ஓரத்தை டிரஸ் பக்கம் சாய்த்து, 3 மி.மீ. தள்ளி மேல்தையல் போட்டு, ஆவியில் அழுத்துங்கள். பாதி நெளிவு ஆவியிலேயே போய்விடும்.

மணிக்கட்டுக்கும் இதே கணக்குதான்: மணிக்கட்டு 16 என்றால் முடிந்த சுற்று 19, வெட்டுவது 21, உயரம் 14.

கேள்வி: கீழ் மடிப்பு அலை அலையாக வருது மேடம்.

மெஷினின் பாதம் மேல்துணியை அழுத்தித் தள்ளுவதால் அது நீண்டுவிடுகிறது. பாத அழுத்தத்தைக் குறையுங்கள், தையல் நீளத்தை 3 அல்லது 3.5 ஆக்குங்கள். மடிப்புக்குள் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய டேப் வைத்துவிட்டுத் தைத்தால் துணி நகராது. 4 மி.மீ. இடைவெளி ட்வின் ஊசி (இரண்டு இணைத் தையல் போடும் இரட்டை ஊசி) வைத்திருந்தால் கடையில் வாங்கியது போலவே இருக்கும். பின்னாலிருந்து துணியை இழுத்துவிடுவதை நிறுத்துங்கள். இந்த டிரஸ்ஸில் கையால் இழுக்க வேண்டியது ரிப் பட்டிகளை மட்டும்தான்.

கேள்வி: கீழேயும் ரிப் பட்டி வைக்கலாமா?

சட்டைக்கு வைக்கலாம். முழங்கால் நீள டிரஸ்ஸுக்கு வேண்டாம், நடக்க நடக்க மேலே ஏறும்.

கேள்வி: பக்கப் பை வைத்தால் போன் போட்டதும் தொங்குகிறது.

பை வாய் திறக்கும் முன்பக்க ஓரத்தில் தோளுக்குச் சொன்ன அதே நாடாவை வையுங்கள். பையை டிரஸ் துணியில் தைக்காமல் இழுபடாத மெல்லிய பருத்தியில் தையுங்கள். வாய் இடுப்புக்கு 7 செ.மீ. கீழே தொடங்கி 16 செ.மீ. நீளம். கனமான போன் வைப்பவர்களுக்கு, முன்பக்கத்தில் மேல்தையல் போட்டு ஒட்டும் கங்காரு பைதான் சரி. எடை மொத்தத் துணியிலும் பரவும்.

கேள்வி: ஸ்வெட்டர் துணி, அதாவது கம்பளி நூல் பின்னல் தெரியும் துணியில் இதே டிரஸ் வருமா?

வரும், ஆனால் இந்தத் துணி பிரியும். வெட்டின ஒவ்வொரு பாகத்தையும் உடனே ஓரம் கட்டுங்கள். ஓவர்லாக் இருந்தால் டிஃபரன்ஷியல் (துணி நீளாமல் இழுத்துக் கொடுக்கும் அமைப்பு) 1.5-க்கு மேல், இல்லாவிட்டால் அகலமான ஜிக்ஜாக். பாதத்தில் மாட்டினால் துணிக்கு அடியில் மெல்லிய தாள் பட்டை வைத்துத் தைத்து, பின் கிழித்துவிடலாம். குண்டூசி உள்ளே புதைந்துவிடும், கிளிப் பயன்படுத்துங்கள். தொங்கத் தொங்க நீளும் துணி என்பதால், கீழ் மடிப்புக்கு முன் ஓர் இரவு ஹேங்கரில் மாட்டிவைத்து, மறுநாள் விளிம்பைச் சமமாக வெட்டி மடியுங்கள். அதன்பின் மடித்தே வையுங்கள்.